கூப்பிட ஆளில்லை என்று சொன்ன படம்

2019 பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு, சஸ்காச்சுவன் மாகாணத்தின் தென்மேற்கில் உள்ள லார்க்மியர் ஊர்க்கூடத்தில் ஏழு நிமிடக் குறும்படம் ஒன்று திரையிடப்பட்டது. நூற்றுத் தொண்ணூறு பேர் வந்திருந்தார்கள். ஊரின் மக்கள்தொகை முந்நூற்றுப் பன்னிரண்டு.

படத்தில் இருந்தவர் ஒரெஸ்ட் ஹலுஷ்கா. கோதுமையும் பருப்பும் பயிரிடும் விவசாயி. அறுபது வயதுக்கு ஒன்று குறைவு. கூடத்தில் இரண்டாவது வரிசையின் ஓரத்தில், தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, திரையில் தன் முகம் கதவு அகலத்துக்குப் பெரிதாக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகச்சவரம் செய்யும்போது பார்க்கும் முகம்தான். இவ்வளவு பெரிதாகப் பார்க்கையில் யாரோ உறவினர் போல இருந்தது.

திரையில் அவர் தன் சமையலறை மேசையருகே உட்கார்ந்திருந்தார். கையில் காலிக் கோப்பை.

"அந்த வருஷம் மழை விடவே இல்ல. அக்டோபர்லயே பனி கொட்டிருச்சு. பாதிப் பயிர் பனிக்கு அடியில போயிருச்சு. ஆனா அது காரணம் இல்ல. அதுக்கு முந்தின வருஷம் நல்லா வெளஞ்சப்பவும் எனக்கு இப்படித்தான் இருந்துச்சு."

அடுத்து, குட்டையோரம் நிற்கும் ஒரு பிக்கப் வண்டி, தூரத்திலிருந்து. குரல் மட்டும் கேட்டது. "வண்டிய எடுத்துட்டு அங்க போய் நிறுத்தினேன். வீட்டுக்குத் திரும்பி வரணும்னு தோணல." பிறகு மறுபடி அந்த முகம். "கூப்பிடறதுக்கு ஒருத்தரும் இல்ல."

அந்த இடத்தில் வயலின் இசை வந்தது. உதவித் தொலைபேசிக்கு அழைத்தது, மருத்துவரிடம் போனது, மாத்திரை, எட்டு மாதத்தில் தேறியது எல்லாம் கடைசி அரை நிமிடத்தில் ஓடி முடிந்தன. திரையில் தொலைபேசி எண் ஒன்று வந்து நின்றது.

கை தட்டினார்கள். விளக்கு போட்டதும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆண்கள் காப்பி ஊற்றும் மேசைப் பக்கம் நகர்ந்தார்கள். ஒவ்வொருவராக வந்து ஒரெஸ்ட்டின் கையைத் தங்கள் இரு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார்கள். அந்த ஊரில் அப்படிக் கை குலுக்குவது சாவு வீட்டில் மட்டும்தான்.

அவர் எதிர்பார்த்த ஒரு ஆள் மட்டும் வரவில்லை. லைல் டெங்ஸ்ட்ரம், பக்கத்துப் பண்ணைக்காரர். இருபத்திரண்டு வருடங்களாக இருவரும் இரண்டு அறுவடை இயந்திரங்களையும் ஒன்றாக ஓட்டி, முதலில் யார் பயிர் முற்றியதோ அந்த வயல், பிறகு மற்றவர் வயல் என்று அறுத்துவந்தவர்கள். லைலின் மனைவி வேர்னா எலுமிச்சைக் கேக்கை ஒரு காகிதத் தட்டில் வைத்து நீட்டினாள்.

"லைல் எங்க?"

"கன்னு போடற நேரம், பாருங்க. கிளம்பிட்டார்." அவள் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

லைலின் மாடுகள் மார்ச் கடைசியில்தான் கன்று ஈனும் என்பது ஒரெஸ்ட்டுக்குத் தெரியும்.

*

படம் எடுத்தது விவசாயக் குடும்பங்களுக்கான ஓர் உதவிக் குழு. நடிகர்கள் வேண்டாம், நிஜ விவசாயிகள் ஆறு பேர் ஆளுக்கொரு படத்தில் பேசட்டும், ஊர் ஊராகக் காட்டலாம், மனம் சரியில்லை என்று சொல்வதில் இருக்கும் கூச்சம் குறையட்டும் என்பது அவர்கள் எண்ணம். தொலைபேசியில் தன்னுடன் பேசிய ஆலோசகர் கேட்டதும் ஒரெஸ்ட் ஒப்புக்கொண்டார். எங்கோ ஒருவன் பார்த்துவிட்டு அந்த எண்ணை அழைத்தால் போதும் என்று அவர் சொன்னது உண்மை. சொல்லாத காரணமும் ஒன்று இருந்தது. லைலிடம் நேரில் சொல்லியாக வேண்டிய விஷயத்தைப் படம் சொல்லிவிடும். தான் அந்தச் சமயத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தால் போதும்.

சொல்லியாக வேண்டியது நிறையவே இருந்தது. 2016 குளிர்காலம் முழுவதும் ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் முதுகு வலி என்றுதான் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தில் முதுகு வலி மரியாதையான நோய். உழைத்தவனுக்கு வருவது, யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள், தைலம்தான் கொடுப்பார்கள். மனைவி டாரியா ஒன்பது வருடங்களுக்கு முன்பே சண்டை எதுவும் இல்லாமல், இந்தப் பனி போதும் என்று கெலோனாவுக்குப் போய்விட்டாள். மகன் கால்கரியில், ஞாயிறுதோறும் பேசுவான். ஆகவே வீட்டில் பொய்யைக் காப்பாற்ற வேண்டிய சிரமமும் இல்லை. அடுத்த வசந்தத்தில் விதைப்பு நேரத்து மூட்டைகளையெல்லாம் லைல்தான் தூக்கினார். ஒரெஸ்ட்டின் அறுவடை இயந்திரமான கம்பைனின் ஏணி உயரமாக இருக்கிறது, முதுகுக்கு ஆகாது என்று கீழே ஒரு படியைத் தானே பற்றவைத்துக் கொடுத்தார். ஒரெஸ்ட்டின் முதுகுக்கு அன்றும் ஒன்றுமில்லை, இன்றும் ஒன்றுமில்லை.

படம் காட்டிய மறுநாள் காலை அவர் வழக்கம்போல் கோ-ஆப் பெட்ரோல் நிலையத்தின் காப்பி மேசைக்குப் போனார். ஆறேழு விவசாயிகள் தினமும் கூடும் மேசை. தோல் குவளையில் பகடையைப் போட்டு உருட்டுவார்கள். குறைந்த எண் விழுந்தவன் அன்று எல்லோருக்கும் காப்பி வாங்க வேண்டும். தோற்றவனை மதியம்வரை கேலி செய்வார்கள். ஒரெஸ்ட்டின் கையிலிருந்து மூன்றுக்கு மேல் விழாது என்பது மேசையின் பழைய நகைச்சுவை.

அன்று அவர் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. ஆர்லோ பென்னர் தொண்டையைச் செருமினார். அந்த மேசையில் அதிகம் வாயடிப்பவர் அவர்.

"ரொம்பத் தைரியம், ஒரெஸ்ட்."

"சரி சரி. குவளைய இப்படித் தள்ளு."

"அதெல்லாம் வேணாம்பா. உன் காப்பிக்குக் காசு குடுத்தாச்சு."

"யாரு குடுத்தா?"

"யாரோ குடுத்தாச்சு. குடி. சூடா இருக்கு."

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும். ஒருநாள் அவரே குவளையைப் பிடுங்கி உருட்டினார். இரண்டு விழுந்தது. போன வருடமாக இருந்தால் மேசையே அதிர்ந்திருக்கும். ஆர்லோ மெல்ல, "பரவால்ல, விடு," என்றார். ஒரெஸ்ட் பகடைகளைப் பொறுக்கிக் குவளையில் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே, டீசல் போட வந்து நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் போவதைக் குறைத்துக்கொண்டார். மே மாதம் போகவே இல்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஓய்வெடுக்கட்டும் என்று விட்டிருப்பார்கள்.

லைல் விதைப்புக்கு வந்தார். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. எந்த வயலில் முதலில் ஆரம்பிப்பது என்று ஒரெஸ்ட் கேட்டால், "நீ எப்படிச் சொல்றியோ அப்படி," என்றார். இருபத்திரண்டு வருடங்களில் லைல் ஒரு விஷயத்துக்கும் அப்படிச் சொன்னவரில்லை. வடக்கு வயல் இன்னும் ஈரம் என்று இவர் சொன்னால், ஈரமில்லை, உன் மூளைதான் ஈரம் என்பவர். இப்போது ஒரெஸ்ட் வேண்டுமென்றே தப்பான வயலைச் சொல்லிப் பார்த்தார். லைல் தலையாட்டிவிட்டு அங்கேயே போய் விதைத்தார்.

அறுவடை வரட்டும் என்று ஒரெஸ்ட் காத்திருந்தார். அறுவடையில் யாராலும் மரியாதையாக இருக்க முடியாது. தூசி, தூக்கமின்மை, மேகம் கட்டுவது; பக்கத்தில் ஓட்டுபவனைத் திட்டியே தீர வேண்டும். லைல் தன்னைப் பழையபடி திட்டும் நாள் வந்தால்தான் இந்த நோய் முடிந்தது என்று அவருக்குத் தோன்றியது.

*

செப்டம்பர் முதல் வாரம் லைல் தொலைபேசியில் அழைத்தார்.

"நாளைக்குக் காலையில உன் பருப்பு வயல்ல ஆரம்பிக்கலாம்."

"சரி. உன் மிஷின் ரெடியா?"

"ரெடி."

ஒரெஸ்ட் அன்று மாலையே தன் கம்பைனுக்கு மசகு போட்டு, வடிகட்டியைத் தட்டி, கண்ணாடியைத் துடைத்து வைத்தார். சாப்பாட்டுப் பெட்டியில் இரண்டு பேருக்குப் பன்றித் தொத்திறைச்சியும் ரொட்டியும் வைத்தார்.

காலையில் சரளைச் சாலையில் தூசி எழுந்தது. லைலின் கம்பைன் முன்னால் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. மஞ்சள் விளக்குகள் சுழல எட்டு இயந்திரங்கள், தானிய லாரிகள், கடைசியில் பெண்கள் ஓட்டிவந்த கார்கள்.

அது என்னவென்று அவருக்குப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. அப்படிப்பட்ட வரிசையில் அவரே ஓட்டிப் போயிருக்கிறார். ஸ்டான் பிட்சுக்கு மூளையில் கட்டி வந்த வருடம். நாயிஃபெல்டின் மனைவி தனியாகிவிட்ட வருடம். பயிர் நிற்க, பயிர்க்காரன் விழுந்துவிட்டால் அக்கம்பக்கம் எல்லாம் திரண்டு வந்து ஒரே நாளில் அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகும். வயலுக்கு உரியவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரத்தில் நிற்பான். அப்படி நின்றவர்களில் இரண்டு பேரை அடுத்த அறுவடைக்கு முன்பே அடக்கம் செய்திருந்தார்கள்.

ஒரெஸ்ட் தன் கம்பைனில் ஏறி இயந்திரத்தை முடுக்கினார். ஆர்லோ ஓடிவந்து இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"இறங்கு, இறங்கு! இன்னிக்கு உனக்கு லீவு."

"எதுக்கு லீவு? என் வயலு, என் மிஷினு."

"எட்டு மிஷின் இருக்கு. ஒன்பதாவது வந்தா இடிச்சுக்கும். நீ சும்மா உக்காரு."

"யாரு உங்களைக் கூப்பிட்டது?"

"கூப்பிடணுமா என்ன? வந்தோம்."

"நான் என்ன செத்தா போயிட்டேன்?"

சத்தமாகச் சொல்லிவிட்டார். முற்றம் முழுக்கக் கேட்டது. சாப்பாட்டு மேசையை விரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். ஆண்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். போன வருடம் அதே குரலில் அதைவிட மோசமாகக் கத்தியபோது எவனோ திரும்பக் கத்தினான், அத்தோடு முடிந்தது. இப்போது யாரும் கத்தவில்லை. வேர்னா ஏணியருகே வந்து அண்ணாந்து பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரெஸ்ட், இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?"

மருத்துவர் சொல்லி மாத்திரையை நிறுத்தி ஒன்றரை வருடமாகிறது. அதை இப்போது சொன்னால், ஓ, நிறுத்திவிட்டாரா என்றுதான் நினைப்பார்கள். இன்னொரு முறை கத்தினால் யாராவது அந்தத் தொலைபேசி எண்ணை அழைப்பார்கள். படத்தைப் பார்த்ததில் இப்போது எல்லோருக்கும் எண் தெரியும். அவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினார். கொட்டகை நிழலில் ஒரு மடக்கு நாற்காலி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. அதில் உட்கார்ந்தார். யாரோ முட்டை சாண்ட்விச் ஒன்றைக் கையில் வைத்தார்கள். தன் பருப்பு வயல் பட்டை பட்டையாகக் குறைவதை மதியம்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மூன்று மணிவாக்கில் லைல் லாரியிலிருந்து குதிருக்குத் தானியம் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரெஸ்ட் எழுந்துபோய் அவர் தோளைத் தட்டினார். சத்தத்தில் பேச முடியாது. இருவரும் குதிரின் மறுபக்கம் போனார்கள்.

"இது உன் வேலையா?"

"எண்ணிப் பாத்தியா?" என்றார் லைல்.

"எதை?"

"மிஷினை. எட்டு. லாரி ஓட்ட மூணு பேரு தனி. கூப்பிட ஒருத்தரும் இல்லைன்னியே. வந்திருக்கோம். எண்ணிக்கோ."

"அது அப்போ இருந்த நிலைமைய சொன்னது, லைல்."

"ஊரே என்னைத் திரும்பிப் பாத்துச்சுடா. நீ அந்த வார்த்தைய சொல்றே, முன் வரிசையில இருக்கிற ஆர்லோ பொண்டாட்டி கழுத்தைத் திருப்பி என்னைப் பாக்கறா. என் பொண்டாட்டி என்னைப் பாக்கறா. இருபத்திரண்டு வருஷம் உன் பக்கத்துல ஓட்டறவன் நான். உன் சமையக்கட்டுல லைட்டு எரிஞ்சா என் வீட்டுல தெரியும். சஸ்கட்டூன்ல இருந்து ஒரு பொண்ணு கேமராவத் தூக்கிட்டு வருவா, அவகிட்ட சொல்லுவே. நான் நூத்தித் தொண்ணூறு பேரோட உக்காந்து தெரிஞ்சுக்கணும்."

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"முதுகு வலின்னு மட்டும் நல்லா சொல்லத் தெரிஞ்சுது. ஒரு வருஷம் உன் மூட்டைய எல்லாம் நான் தூக்கினேன். எனக்கு நெசமாவே முதுகு போச்சு. இப்பவும் காலையில ஷூ மாட்ட முடியல."

சிரிக்கிற விஷயம்தான். இருவரும் சிரிக்கவில்லை.

"உன் பேரைச் சொன்னேன்," என்றார் ஒரெஸ்ட். "படம் எடுக்கறப்போ. லைலைக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பான், ஆனா என்ன ஆச்சுன்னு கேப்பான், அதுக்கு என்கிட்ட பதில் இல்லைன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு அதை வெட்டிட்டா. ஏழு நிமிஷத்துக்குள்ள அடக்கணும்ல."

"சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்ப காட்டு," என்று சொல்லிவிட்டு லைல் லாரிக்குத் திரும்பிப் போனார்.

*

படமெடுத்த பெண்ணின் பெயர் மாரென். தொலைபேசியில் ஒரெஸ்ட்டின் குரலைக் கேட்டதும் அவள் முதலில் கேட்டது, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்பது.

"எல்லாரும் இதையேதான் கேக்கறீங்க. நல்லா இருக்கேன். அன்னிக்கு எடுத்ததை முழுசா பாக்கணும்."

"முழுசாவா? கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் மணி நேரம் இருக்கு."

"பரவால்ல. நீ ஒண்ணு வெட்டியிருக்கே. கூப்பிட ஒருத்தரும் இல்லைன்னு சொன்னதுக்கு அப்புறம் நான் இன்னும் பேசினேன்."

"எனக்கு ஞாபகமில்ல, ஒரெஸ்ட். அந்த வரியில கூட்டம் அப்படியே அமைதியாயிடும். அதனால அங்க நிறுத்தினேன். நீங்க மேல ஏதாவது சொல்லியிருந்தா, தப்பு என்னுதுதான். அனுப்பறேன்."

தபாலில் ஒரு சிறிய பென்டிரைவ் வந்தது. அதற்குள் லைலின் வயலில் கோதுமை முற்றி, இருவரும் இரண்டு நாள் அறுத்திருந்தார்கள். வேலையைத் தாண்டி எதுவும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் மழை. ஒரெஸ்ட் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துப் பார்த்தார். திரையிலும் அதே மேசை.

வெட்டப்பட்டதில் அவருக்குப் பிடித்தது நிறைய இருந்தது. அவர் சிரிக்கிறார். மாரெனுக்கு முட்டைக்கோஸ் சுருட்டல் சூடாக்கிக் கொடுக்கிறார். பருப்பு விலையைத் திட்டுகிறார். லைலின் பெயர் மூன்று முறை வந்தது. லைல் கம்பைனின் வெட்டுமுனையை மிகவும் தாழ்த்தி ஓட்டுவான், கல்லையெல்லாம் பொறுக்குவான் என்று ஒரு முறை. லைல் எப்போதும் ஈரத்தைத் தப்பாகக் கணிப்பான் என்று ஒரு முறை. லைலின் இயந்திரம் தன்னுடையதைவிடப் பழசு என்று ஒரு முறை.

பிறகு அந்த இடம் வந்தது. "கூப்பிடறதுக்கு ஒருத்தரும் இல்ல."

வயலின் இல்லை. குளிர்பதனப் பெட்டியின் ரீங்காரம் கேட்டது. காமிராவுக்குப் பின்னாலிருந்து மாரெனின் குரல். "ஒருத்தருமேவா?"

திரையில் இருந்த ஒரெஸ்ட் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். மேசைக்கு இடப்பக்க ஜன்னல். அதில் அரை மைல் தள்ளி லைலின் கொட்டகையும் வீடும் தெரியும். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு லேசாக அசைந்தது.

"இல்ல," என்றார்.

அதன்பின் மாரென் வேறு கேள்விக்குப் போய்விட்டாள்.

ஒரெஸ்ட் மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். அதே இடம். அதே ஜன்னல். லைலைக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான் என்ற வாக்கியம் அவருக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது. அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அதை நினைத்திருக்கிறார். நினைத்ததைச் சொல்லிவிட்டதாக ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று சொல்லலாம். மாரென் அழித்துவிட்டாள் என்று சொல்லலாம். முதுகு வலி என்று சொன்ன வாய்க்கு அது பெரிய காரியமில்லை. மழை விட்டதும் அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வயல் வழியாக நடந்தே லைலின் கொட்டகைக்குப் போனார்.

லைல் கம்பைனின் வெட்டுமுனைக்கு அடியில் படுத்து உடைந்த கத்தியை மாற்றிக்கொண்டிருந்தார். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

"கொண்டு வந்தியா?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"கொண்டு வரல. அதுல இல்ல."

"வெட்டினதுல இல்லையா?"

"முழுசும் பாத்தேன். வெட்டல. நான் சொல்லவே இல்ல." ஒரெஸ்ட் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணு திரும்பக் கேட்டிருக்கு. ஒருத்தருமேவான்னு. அப்பவும் இல்லைன்னுதான் சொல்லியிருக்கேன்."

அடியில் ஸ்பேனர் திருகும் சத்தம் நின்றது. கூரையிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் அது?"

"ஒண்ணே முக்கால் மணி. ரெண்டு தடவை பாத்தேன்."

"உன் மூஞ்சிய? ரெண்டு தடவை?" என்றார் லைல். "அதை ஒரு தடவை பாத்தா எனக்கே டாக்டர் மாத்திரை எழுதணும்."

ஒரெஸ்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு வழியாக, கட்டுப்படுத்த முடியாமல். மாத்திரையைப் பற்றி அந்த ஊரில் யாரும் அதுவரை ஒரு பகடி சொன்னதில்லை. லைல் சிரித்ததாகத் தெரியவில்லை. அடியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு படிந்த கை ஒன்று நீண்டது.

"அந்த ஸ்பேனரை எடு."

எடுத்துக் கொடுத்தார்.

"இது இல்ல, அடுத்த சைஸ். கண்ணும் போச்சா?"

அடுத்ததைக் கொடுத்தார். லைல் வேலை முடித்து வெளியே வரும்வரை வாளிமேல் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்த லைல் கையைத் துடைத்தபடி, "எனக்கு இன்னும் கோவம் போகல," என்றார்.

"தெரியுது."

"எப்பப் போகும்னும் தெரியல."

"சரி."

தரை காய்ந்ததும் மிச்சக் கோதுமையை அறுத்து முடித்தார்கள்.

*

நவம்பரில் மாரென் அழைத்தாள். வடக்கே நூறு கிலோமீட்டரில் உள்ள பிரெண்டன் ஊரில் ஞாயிறு பிற்பகல் படத்தைக் காட்டுகிறார்கள். படம் முடிந்தபின் அவரே வந்து இரண்டு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டாள். ஒரெஸ்ட் அந்த வரியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். பிரதிகள் எல்லா இடங்களுக்கும் போய்விட்டன, இணையத்திலும் இருக்கிறது, இனி முடியாது என்றாள்.

அவர் லைலை அழைத்தார்.

"நான் உள்ள வரமாட்டேன்," என்றார் லைல்.

"வர வேணாம். ரோடு வழுக்குது. நீ ஓட்டு."

லைலின் பிக்கப் வண்டியில் போனார்கள். கால்நடை விலை, ஆர்லோ வாங்கிய புது லாரி, வேர்னாவின் அக்காள் கண் அறுவை சிகிச்சை என்று பேச்சு ஓடியது. பிரெண்டன் ஊர்க்கூடத்துக்கு எதிரே லைல் வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, தொப்பியை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டார்.

உள்ளே அறுபது பேர் இருந்தார்கள். படம் ஓடியது. அந்த வரி வந்தபோது கூட்டம் மாரென் சொன்னதுபோலவே அமைதியானது. விளக்கு போட்டதும் ஒரெஸ்ட் மேடையில் ஏறாமல், தரையில் நின்றபடியே பேசினார்.

"நான் இப்போ நல்லா இருக்கேன். மத்தவங்களைப் போல எனக்கும் கோவம் வரும். அதுக்கு யாரும் போன் பண்ண வேணாம்." சிலர் சிரித்தார்கள். "இந்தப் படத்துல ஒண்ணு தப்பு. கூப்பிடறதுக்கு ஒருத்தரும் இல்லைன்னு சொல்றேன். இருந்தான். பக்கத்து வீடு. நான் கூப்பிடல."

கேள்வி ஏதும் உண்டா என்று மாரென் கேட்டாள். பின் வரிசையில் ஒருவர் கையைத் தூக்கி, அந்தத் தொலைபேசி எண் வார இறுதியிலும் வேலை செய்யுமா என்று கேட்டார். செய்யும் என்றாள்.

ஒரெஸ்ட் வெளியே வந்தபோது லைல் தொப்பிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்த சத்தத்தில் விழித்தார்.

"எப்படிப் போச்சு?"

"பரவால்ல. அறுபது பேரு."

"என்ன பேசின?"

"ரெண்டு வார்த்தைதான்."

லைல் வண்டியைத் திருப்பினார். வழியில் ஒரு இடத்தில் நிறுத்தி டீசல் போட்டுக்கொண்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் படம் மேலும் பதினோரு ஊர்களில் காட்டப்பட்டது. ஒரெஸ்ட் அவற்றில் நான்குக்குப் போனார்; நான்குக்கும் லைல்தான் ஓட்டினார், ஒரு முறையும் உள்ளே வரவில்லை. படத்தில் அந்த வரி அப்படியே இருந்தது.